ஞாயிறு அறிவித்தலும் தீவகத்துப் பிள்ளைகளும்

ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடித்ததும் சபையார் அமருவர். குருவானவர் தமது புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை விரிப்பார். வரும் வாரத்தில் எந்த நாள் திருநாள், எந்த நாள் உபவாசம், பாடகர் குழுவுக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு, தாய்மார் சங்கம் எங்கே கூடும், யாருக்கும் யாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். இரண்டு மூன்று நிமிட வேலைதான். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றியது என்று இன்று கேட்டால் நம்மிற் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த அறிவித்தலைக் காது கொடுத்துக் கேட்ட நினைவு எல்லோருக்கும் உண்டு. விடுதிப் பிள்ளைகளுக்கு வாரத்தின் நாட்காட்டி அதுதான்.

கல்லூரிகளின் வரலாறு எழுதப்படும்போது அதிபர்களின் பெயர்களும் கட்டடங்கள் திறந்த ஆண்டுகளும் இடம்பெறுகின்றன. ஒரு வாரம் எப்படிக் கழிந்தது என்பது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கடல் கடந்து வந்து படித்த தீவகத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் எப்படி இருந்தது என்பது அதிலும் குறைவு. நூற்றாண்டு மலரில் அந்த இடைவெளியைச் சற்றேனும் நிரப்பலாம் என்று எண்ணினோம்.

அறிவித்தல் வந்த வழி

அறிவித்தல் என்பது குருவானவர் தம் விருப்பப்படி சேர்த்துக்கொண்ட ஒன்றல்ல. 1662ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் திருச்சபை ஜெபப்புத்தகத்திலேயே அதற்கு இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. திருவிருந்து ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்துக்குப் பின், பிரசங்கத்துக்கு முன், அடுத்த வாரத்தில் அனுசரிக்க வேண்டிய திருநாட்களையும் உபவாச நாட்களையும் குருவானவர் சபைக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆராதனை வேளையில் அவரைத் தவிர வேறெவரும் ஆலயத்தில் எதையும் அறிவிக்கக் கூடாது என்பதும் விதி. விவாக அறிவித்தல் மூன்று ஞாயிறு வாசிக்கப்பட வேண்டும்; மணமக்கள் இரு வேறு சபைகளைச் சேர்ந்தவராயின் இரண்டு ஆலயங்களிலும் வாசிக்கப்பட வேண்டும். வேப்பேரியிற் பணியாற்றிய றொட்லர் ஐயர் முதலானோர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கியபோது இந்த ஒழுங்கும் தமிழுக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்பே வேறொரு மரபு இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் போர்த்துக்கேயர் கட்டிய கோவில்களைத் தமது சீர்திருத்த சபைக்கு எடுத்துக்கொண்டனர். கோவிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவில் இருந்தன. பிறப்பும் இறப்பும் விவாகமும் அங்கேயே பதியப்பட்டன. அக்காலத்தில் இங்கு ஊழியஞ் செய்த பல்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட தமது நூலில் குடாநாட்டுக் கோவில்களோடு தீவகத்துக் கோவில்களையும் பற்றி எழுதியிருக்கிறார். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையே நம் தீவுகளுக்கு வைத்தனர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம் எனப் பெயர் பெற்றன. போர்த்துக்கேயர் பசுத்தீவு என்று அழைத்த நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது. இவற்றுள் டெல்வ்ற் என்ற பெயர்தான் இன்றும் ஆங்கிலத்தில் நிலைத்திருக்கிறது.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற கிறிஸ்தியான் தாவீது 1801இல் யாழ்ப்பாணம் வந்து சுண்டுக்குளியில் ஊழியஞ் செய்தார். இலங்கை கல்கத்தா மேற்றிராசனத்துக்கு உட்பட்டிருந்த அக்காலத்தில், 1824இல், ஹீபர் பேராயர் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். இந்திய நாட்டவருள் அங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பர். ஆகவே சுண்டுக்குளி பரி. யோவான் ஸ்நானகன் ஆலயத்தில், மிஷனரிமார் வேரூன்ற முன்பே, தமிழர் ஒருவர் தமிழரிடம் பேசிய குரல் ஒலித்திருக்கிறது. 1818இல் சேர்ச் மிஷன் சங்கத்தின் யோசேப்பு நைற் ஐயர் நல்லூரில் தமது பணியைத் தொடங்கினார். 1823இல் அங்கு தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னர் சுண்டுக்குளிக்கு வந்து பரியோவான் கல்லூரி ஆயிற்று. 1845இல் கொழும்பு தனி மேற்றிராசனமானது. 1896 ஜனவரியில் மேரி காட்டர் அம்மையார் சுண்டுக்குளியிற் பெண்பிள்ளைகளுக்கான நம் கல்லூரியை ஆரம்பித்தார்.

தீவுகள் யாருடைய பங்கு

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். தீவகம் ஒருநாளும் அங்கிலிக்கன் சபையின் ஊழியத்தலமாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மூன்று மிஷன்களும் குடாநாட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. யாழ்ப்பாண நகரும் பருத்தித்துறையும் வெஸ்லியன் மிஷனுக்கு, நல்லூர், கோப்பாய், சுண்டுக்குளி சேர்ச் மிஷனுக்கு, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் முதலிய இடங்கள் அமெரிக்க மிஷனுக்கு. தீவுகளும் அமெரிக்க மிஷனின் பக்கமே போயின. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தமக்கெனச் சுதேச சுவிசேஷ சங்கத்தை அமைத்து, தம் சொந்தக் காணிக்கையைக் கொண்டே நெடுந்தீவு போன்ற இடங்களுக்கு ஊழியரை அனுப்பினர். ஊர்காவற்றுறையில் கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வேரூன்றியது. நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் உரியது.

1947 செப்ரெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபைகள் அதில் இணைந்து தனி மேற்றிராசனமாயின. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயரானார். சுண்டுக்குளியும் நல்லூரும் இலங்கைத் திருச்சபையிலேயே, கொழும்புப் பேராயரின் கீழ், தொடர்ந்தன. இலங்கையில் எல்லாச் சபைகளையும் ஒன்றாக்க எடுத்த முயற்சி 1970களில் வழக்குகளால் நின்றுபோனது. தென்னிந்தியத் திருச்சபை இன்று உலக அங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பாக இருப்பதால், தீவகத்தின் சிறிய புரட்டஸ்தாந்து சபைகளும் சுண்டுக்குளிச் சபையும் தூரத்து உறவினர் என்று சொல்லலாம். ஒரே ஊரில் இரண்டு பேராயர்களின் கீழ் வாழும் உறவினர்.

அப்படியாயின் தீவகத்துக்கும் சுண்டுக்குளி ஆலயத்தின் அறிவித்தலுக்கும் என்ன தொடர்பு? பிள்ளைகள்தான். மேற்படிப்புக்காகவும் ஆங்கிலத்துக்காகவும் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று பல இடங்களிலிருந்தும் பெண்பிள்ளைகளை நகரத்து விடுதிகளுக்குப் பெற்றோர் அனுப்பினர். தகரப்பெட்டியோடு வள்ளத்தில் ஏறி, பஸ் மாறி வந்த அந்தப் பிள்ளைகளில் அங்கிலிக்கன் குடும்பத்தவர் மிகச் சிலரே. சைவரும் கத்தோலிக்கரும் அமெரிக்க மிஷன் சபையாருமே அதிகம். ஆனாலும் வாரம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் நடந்தது.

ஏழு நாட்கள்

ஞாயிறு காலை திருவிருந்து ஆராதனை. வெள்ளை உடுப்பில் இரண்டிரண்டு பேராக வரிசையில் நடை. பின்னர் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை. அங்கே பெரிய மாணவிகளே படிப்பிப்பார்கள். நம்மிற் பலர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வகுப்பின் முன் நின்றது அங்கேதான். பின்னாளில் ரீச்சராகப் போனவர்களுக்கு அது பயிற்சிக்கூடம்.

வார நாட்களில் காலை ஜெபத்தோடு பாடசாலை தொடங்கும். புதனும் வெள்ளியும் ஜெபப்புத்தகத்தின்படி நீண்ட மன்றாட்டுக்கு உரிய நாட்கள். வெள்ளி உபவாச நாளும் கூட. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் வெள்ளி என்றால் மரக்கறிதான். சைவப் பிள்ளை அம்மனை நினைத்து விரதமிருந்தாள். கத்தோலிக்கப் பிள்ளை தன் சபையின் முறைப்படி இறைச்சி தவிர்த்தாள். அங்கிலிக்கன் பிள்ளை ஜெபப்புத்தகத்தின்படி ஒறுத்தாள். மூவருக்கும் தட்டில் விழுந்தது ஒரே கத்தரிக்காய்க் குழம்புதான்.

சனி பின்னேரம் ஆலயத்தைக் கூட்டி, பித்தளைச் சிலுவையையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் துலக்கி, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்றுவார்கள். பாடகர் குழுவுக்குப் பயிற்சியும் அன்றுதான். சபையின் தாய்மார் சங்கம், 1876இல் இங்கிலாந்துக் கிராமமொன்றில் மேரி சம்னர் அம்மையார் தொடங்கிய உலகளாவிய சங்கத்தின் ஒரு கிளை. மார்ச் 25, மரியாளுக்குத் தூதுரைத்த நாள், அதற்குப் பெரிய நாள். சங்கத்துத் தாய்மார் விடுதிப் பிள்ளைகளுக்கு அரைத் தாய்மார். காய்ச்சலென்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தனுப்புவார்கள். தீவுக்குச் செய்தி போய்ச் சேர இரண்டு நாளாகும் காலத்தில் அது சின்ன விஷயமல்ல.

மற்றப் பக்கத்தையும் எழுத வேண்டும். மிஷன் பாடசாலைகள் படிப்பைக் கொடுத்தது போலவே மதத்தையும் கொடுக்க வந்தவை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், சேர் பொன். இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்காகக் கல்லூரி கட்டியதும் அதற்கு எழுந்த பதில்கள். பெற்றோர் விரும்பாவிட்டால் பிள்ளையை மதபாடத்திலிருந்து விலக்கலாம் என்ற மனச்சாட்சி விதி பிறகு சட்டத்தில் இடம்பெற்றது. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளை எழுந்து நின்று நான் வரவில்லை என்று சொல்வது இலகுவல்ல. கீதம் பாடப் பிடித்த சைவப் பிள்ளைகளும் இருந்தார்கள். நெற்றியில் திருநீறில்லாமல் ஞாயிறு முழுவதும் இருந்தது மனதை உறுத்தியது என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நம் வரலாறு. ஒன்றை மட்டும் எழுதினால் அது விழாப் பேச்சாகிவிடும்.

காற்றின் நாட்காட்டியும் ஆலயத்தின் நாட்காட்டியும்

வரப்போகும் திருநாளை அறிவிக்கும்போது விடுதியில் தீவகத்துப் பிள்ளைகள் வேறொரு கணக்குப் பார்ப்பார்கள். காற்றுக் கணக்கு.

மார்கழியில் நத்தார். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த காலம். விடுமுறை விட்டாலும் நெடுந்தீவு வள்ளம் ஓடுமா என்பது கடலைப் பொறுத்தது. தை, மாசியில் வயல் அறுவடை முடிய அறுப்பின் பண்டிகை வரும். இந்தப் பண்டிகையை இன்றைய வடிவில் 1843இல் தொடங்கியவர் இங்கிலாந்தின் கோர்ண்வால் கடற்கரைக் கிராமமொன்றின் குருவானவர் ஹோக்கர். நம் ஊரில் அது நம் ஊர்ப் பண்டிகையாகவே மாறிவிட்டது. வாழைக்குலை, முருங்கைக்காய், பூசணி, முட்டை, ஒடியல், கோழிச்சேவல் எல்லாம் பலிபீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு தேங்காய் அதன் விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். வாங்கியவரே அதைத் திரும்பக் கொடுக்க மீண்டும் ஏலம் போகும். வயல் குறைந்த தீவுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கடலும் பனையும் மாடும்தான் அறுவடை. ஒடியல் மாவும் நெய்யும் அவர்கள் வீட்டுப் பங்கு.

அடுத்து லெந்து காலம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு. மார்ச் 21இலோ அதற்குப் பின்னரோ முதலில் வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு என்று வேதபாட வகுப்பிற் சொல்லித் தரும்போது தீவகத்துப் பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடும். பறுவத்தில் கடல் எவ்வளவு ஏறும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நயினாதீவு விகாரையின் வெசாக்கும் பறுவத்தில்தான். அம்மன் கோவிலின் ஆனித் திருவிழாவும் பறுவத்தையே ஒட்டி வரும்.

ஜூன் 24 பரி. யோவான் ஸ்நானகனின் நாள், ஆலயத்தின் திருநாள். கச்சான் காற்று கடலைக் குழப்பும் காலமும் அதுவே. சில ஆண்டுகளில் நயினாதீவுக் கொடியேற்றமும் தேரும் அதே நாட்களில் விழும். ஆலய அறிவித்தலில் ஒன்று, ஊரிலிருந்து வரும் கடிதத்தில் மற்றொன்று. நயினாதீவுப் பிள்ளை தேருக்குப் போக அனுமதி கேட்பாளா, திருநாள் கீதத்துக்கு நிற்பாளா என்பது அந்த வயதில் பெரிய வழக்கு. சிலர் அனுமதி பெற்றுப் போனார்கள். சிலர் நின்று பாடிவிட்டு இரவில் தலையணைக்குள் அழுதார்கள்.

வாசிக்கப்படாத ஞாயிறுகள்

அறிவித்தல் என்பதற்கு அடிப்படை ஒரு நம்பிக்கை: அடுத்த வாரமும் நாம் இங்கே இருப்போம் என்பது. அந்த நம்பிக்கை நம் காலத்தில் உடைந்தது.

1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் பலர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தப் படகில்தான் நெடுந்தீவுப் பிள்ளைகள் தவணை தொடங்கவும் முடியவும் போய்வந்தார்கள். அதற்குப் பிறகு தவணை விடுமுறை என்ற சொல் அவர்களுக்கு முன்போல ஒலிக்கவில்லை. 1990 ஓகஸ்டில் ஊர்காவற்றுறையில் இராணுவம் தரையிறங்கியது; அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாகத் தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையானது. வேலணையிலும் புங்குடுதீவிலும் பூட்டிய வீடுகள் பற்றை மண்டிப் போயின. அதுவரை விடுதிக்கு வந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளுக்குத் திரும்ப வீடில்லை என்றாயிற்று.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாதையில் மழையில் நடந்த இலட்சக்கணக்கானோரில் நம் ஆசிரியைகளும் மாணவிகளும் சபையாரும் இருந்தனர். நம் கல்லூரிக்கு 1996 ஜனவரியில் நூறு வயது நிறைந்தது. நூறாண்டுக்காகக் காத்திருந்தவர்கள் அந்த மாதத்தில் தென்மராட்சியிலும் வன்னியிலும் கொட்டில்களிலும் பிறர் வீட்டு விறாந்தைகளிலும் இருந்தார்கள். யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. 1996 ஏப்ரலுக்குப் பிறகே மக்கள் திரும்பினார்கள்.

திரும்பி வந்த பின் ஆலயத்தில் மறுபடி அறிவித்தல் வாசிக்கப்பட்டபோது, அதில் பெரிதாக எதுவும் இருந்திருக்காது. பாடகர் குழுவுக்குப் பயிற்சி, தாய்மார் சங்கக் கூட்டம், அடுத்த ஞாயிறு ஆராதனை நேரம். ஆனால் அடுத்த ஞாயிறு என்று ஒருவர் துணிந்து சொல்வதைக் கேட்பதே அப்போது ஒரு ஆறுதல்.

இனி

இன்று குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கால்மணி நேரத்தில் போய்விடலாம்; நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் போதும். தீவகத்துக்குத் திரும்பிய குடும்பங்கள் முன்பிருந்ததில் ஒரு பங்குதான். மற்றவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். நம் சங்கத்தின் உறுப்பினர்களும் அப்படியே. ஆலய அறிவித்தல் இப்போது கைபேசியிலும் வருகிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைக்குலையைக் கனடாவிலிருந்து ஒருவர் கேட்கலாம்; குலையை இங்குள்ள யாராவது வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஆனால் பழைய அறிவித்தல்கள் எங்கே? பதிவேடுகளும் புகைப்படங்களும் இடப்பெயர்வுகளில் எவ்வளவோ போயின. எஞ்சியிருப்பவை நம் வீடுகளில்தான் இருக்கின்றன: ஜெபப்புத்தகத்துக்குள் வைத்த ஆராதனைத் தாள், ஞாயிறு பாடசாலைப் பரிசுப் புத்தகத்தின் முதற்பக்கக் குறிப்பு, விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம், யாரோ ஒருவரின் விவாக அறிவித்தல் வாசித்த திகதி. தீவகத்திலிருந்து வந்த பிள்ளைகளின் தாள்கள் அவற்றுள் இன்னும் அரியவை. இரண்டு முறை வீடிழந்தவர்களிடம் தாள்கள் தங்குவதில்லை.

ஆகவே இந்த மலரை வாசிக்கும் ஒவ்வொரு பழைய மாணவியிடமும் ஒன்று கேட்கிறோம். பெட்டியில் இருப்பதைப் படமெடுத்து சங்கத்துக்கு அனுப்புங்கள். தாள் ஒன்றும் இல்லாவிட்டால் நினைவிலுள்ள ஒரு வாரத்தை எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்தத் தவணை, ஞாயிறு முதல் சனி வரை என்ன நடந்தது, வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள், அறிவித்தலில் எதைக் கேட்டு மகிழ்ந்தீர்கள், எதைக் கேட்டு முகம் சுளித்தீர்கள். சைவராயினும் கத்தோலிக்கராயினும் எழுதுங்கள். அந்த வாரம் உங்களுடையதும் தான். நயினாதீவுத் தேருக்குப் போனவர்களும் எழுதுங்கள், நின்று பாடியவர்களும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.